பெர்னி குலிக்கின் சீட்டு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் வின்சென்ட் மராஸ்கோ அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி லொரெய்ன் குலிக் அவர்களே, நான்டிகோக் தீயணைப்பு நிலையத்தின் இந்தக் கூடத்தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஒழித்துத் தரும் வீரர்களே, ஹேசல்டனிலிருந்தும் ஸ்க்ராண்டனிலிருந்தும் இந்தப் பனியில் வண்டி ஓட்டி வந்திருக்கும் பேஸ்பால் அட்டைச் சேகரிப்பாளர்களே! எல்லோருக்கும் எட்வின் யாசெனின், உங்கள் எட்டியின், வணக்கம். முப்பத்தேழு வருஷம் பெர்னியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அதனால் என்னைப் பேசச் சொன்னார்கள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

பெர்னார்டு குலிக் போய்விட்டார்! இந்தச் சங்கத்தை நிறுவிய பெருமகன் போய்விட்டார்! இனி யாரிடம் போய் அட்டையை நீட்டுவோம்? இனி யார் நம் மூஞ்சிக்கு நேரே உண்மையைச் சொல்வார்கள்?

எழுபத்திரண்டாம் வருஷத்து வெள்ளத்தை இங்கே பாதிப் பேர் மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு உள்ளே புகுந்து வீட்டு நிலவறைகளெல்லாம் சேறு. அப்பா, தாத்தா சிகரெட் பெட்டியிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்த ஆட்டக்காரர் பட அட்டைகள் கட்டியாய் ஒட்டிக்கொண்டு கிடந்தன. குப்பையில் போடப் போனவர்களைத் தடுத்து நிறுத்தியவர் பெர்னி. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய், சுத்தத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாய்ப் பிரித்து, மை ஒற்றும் தாளில் பரப்பினார். கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கலாமே என்று லொரெய்ன் கேட்டாராம். "கிளிப் போட்டா தழும்பு விழுந்துடும்டி" என்றாராம். "ஒன்பது நாள் நாங்க நின்னுக்கிட்டேதான் சாப்பிட்டோம், எட்டி. சாப்பாட்டு மேஜை, கட்டில், இஸ்திரிப் பலகை, எங்க பாத்தாலும் ஊரார் வீட்டு அட்டை" என்று லொரெய்ன் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த மேஜையில் பிறந்ததுதான் நம் சங்கம்.

தீயணைப்பு வீரர்களுக்காக ஒரு வார்த்தை. நூறு வருஷத்துக்கு மேல் ஆன அட்டை, கைபட்டுக் கைபட்டு மூலை மழுங்கிப் போயிருக்கும். ஓரத்தை ஒரு மயிரிழை வெட்டிவிட்டால் மூலை கூராகிவிடும், பார்க்கப் புதிது மாதிரி இருக்கும். அதுதான் எங்கள் உலகத்தில் பெரிய அயோக்கியத்தனம். அதைக் கண்டுபிடிக்கத்தான் பெர்னி வாசல் பக்கத்து மேஜையில், ஓர் இரும்பு அளவுகோலோடும் பூதக்கண்ணாடியோடும் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தார். அளந்து பார்ப்பார். நோட்டில் நீளம், அகலம், தேதி எழுதுவார். பிறகு ஒரு துண்டுச் சீட்டு: 'வெட்டப்படவில்லை. பெ.கு.' அவ்வளவுதான். மூலை எப்படி, நிறம் எப்படி, ஒரு வார்த்தை இருக்காது. ஏன் பெர்னி, அதையும் எழுதேன் என்று கேட்டால், "அழகா இருக்கா இல்லையான்னு வாங்கறவன் கண்ணு பாத்துக்கட்டும். வெட்டலைன்னு மட்டும் நான் சொல்றேன்" என்பார். பிலடெல்பியா வரைக்கும் அந்தச் சீட்டைக் காட்டினால் மறுபேச்சு கிடையாது!

ஒருதடவை ஓர் அம்மா, செத்துப்போன அப்பாவின் அட்டை என்று கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். பெர்னி பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, போலி. "நிஜம்னு அப்பா சொன்னாரே" என்று அந்த அம்மா குரல் உடைந்து கேட்டார். பெர்னி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். "உங்க அப்பா பொய் சொல்லலம்மா. அவரை எவனோ ஏமாத்தியிருக்கான். அவர் உங்களை ஏமாத்தல." இப்படிச் சொல்ல யாருக்கு வரும்? சொல்லுங்கள், நம்மில் யாருக்கு வரும்?

சரி. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். கடைசி இரண்டு வருஷம் பெர்னி ஏன் இந்தக் கூடத்துப் பக்கமே வரவில்லை என்பதும் தெரிந்ததுதான், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வந்தேன். முடியவில்லை. ஐயோ, முடியவில்லை!

ரஸ் ஹோப்பர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். ஒரு கேட்சர் அட்டை, பச்சைப் பின்னணி, பெர்னியின் சீட்டோடு நான் அவருக்குக் கொடுத்தேன். பதிலுக்கு ஓர் இடது கை பிட்சர் அட்டையை வாங்கிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து ரஸ் அந்தக் கேட்சரைத் தரம் பார்க்கிறவர்களுக்கு அனுப்பினார். வெட்டப்பட்ட அட்டை என்று திரும்பி வந்தது. அடுத்த கூட்டத்தன்று இதே கூடத்தில் அவர் கத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். பெர்னி அட்டையை வாங்கி அளந்தார். அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு குறைவு. நோட்டைத் திறந்தார். அவர் கையெழுத்திலேயே முழு அளவு இருந்தது. இன்னொரு தடவை அளந்தார். அப்புறமும் அளந்தார்.

"எட்டி வெட்டியிருப்பானோ?" என்று ரஸ் கேட்டார். பெர்னி ஒருவர்மேல் பாய்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "எட்டியா? வாயை அலம்பிட்டு வா, ரஸ்! முப்பது வருஷத்துக்கு மேல என் பக்கத்துல உக்காந்திருக்கான். என் கண்ணு மோசம் பண்ணிடுச்சு. தப்பு என்னோடது." பென்சிலை எடுத்து நோட்டில் அந்த வரியை அடித்து, 'என் பிழை' என்று எழுதினார். அளவுகோலை வின்சென்ட்டிடம் கொடுத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பெர்னி தப்பாக அளக்கவில்லை! அவர் என் அட்டையை அளந்தபோது அது முழுசாகத்தான் இருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ரஸ் போனில், "மூலை கூரா இருந்தா எடுத்துட்டு வா, மழுங்கலா இருந்தா அலையாதே" என்றார். அந்தப் பிட்சர் ஒன்றுதான் என் வரிசையில் குறை, இருபத்தாறு வருஷமாகக் குறை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, தட்டைக்கூடக் கழுவவில்லை, சமையலறை மேஜையில் புது பிளேடு போட்டு வெட்டினேன். பத்து நிமிஷ வேலை. சீட்டில் மூலையைப் பற்றி எதுவும் இல்லையே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். வெட்டினவன் நான்தான்!

வின்சென்ட், மைக்கை எடுக்காதீர்கள். முடித்துவிடுகிறேன். ரஸ், என்னை அடிக்க வேண்டுமென்றால் அப்புறம் அடியுங்கள்.

அதன்பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துச் சந்தேகப்பட்டீர்கள். "இது பெர்னி குருடாகறதுக்கு முன்னாடி குடுத்ததா, பின்னாடியா?" என்று இந்தக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டே கேலி பேசினீர்கள். நானும் சிரித்தேன். கூடச் சேர்ந்து சிரித்தேன்!

வீட்டில் என்ன நடந்தது என்று லொரெய்னைக் கேளுங்கள். கண் டாக்டரிடம் மூன்று தடவை போனார். கண்ணாடியைக்கூட மாற்ற வேண்டாம், கண் நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவையும் டாக்டர் சொன்னார். இவர் நம்பவில்லை. வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். காலையிலிருந்து சாயங்காலம்வரை சமையலறையில் உட்கார்ந்து சீட்டுக்கட்டை அளந்தார், பிஸ்கட் பெட்டியை அளந்தார், தபால்தலையை அளந்தார். "எல்லாம் சரியாத்தானே வருது, லொரெய்ன். அப்போ அது மட்டும் எப்படித் தப்பாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதை லொரெய்ன் என்னிடம்தான் சொல்லி அழுதார். ஆறுதல் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார். பியரோகி கொழுக்கட்டை சுட்டு வைத்திருந்தார். தின்றுவிட்டு வந்தேன்.

லொரெய்ன், அப்படிப் பார்க்காதீர்கள். இல்லை, பாருங்கள். பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது உறுதிமொழி. வின்சென்ட் எழுதிக் கொடுத்த தாளில் கடைசி வரி இது: 'பெர்னியின் மேஜையில் இனி எட்டி அமர்ந்து அவர் பணியைத் தொடர்வான்.' போன புதன்கிழமை எல்லோரும் கை தூக்கி என்னைத் தேர்ந்தெடுத்தீர்களாம். கடவுளே! அந்த மேஜையில் நானா?

நான் உட்கார மாட்டேன். வேறு ஆள் பாருங்கள். என் உறுதிமொழி வேறு. அடுத்த மாதக் கூட்டத்திலிருந்து வாசலுக்கு வெளியே நிற்பேன். உள்ளே விட வேண்டாம். வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: பெர்னி குலிக் கொடுத்த சீட்டு எல்லாமே செல்லும், ஒன்றுவிடாமல் செல்லும், வெட்டினவன் நான். சின்னப் பிள்ளை வந்தாலும் சொல்வேன். காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் சொல்வேன். ரஸ், அந்தப் பிட்சர் உங்களுடையது. வண்டியில் இருக்கிறது, எடுத்துப் போங்கள்.

ஆனால் இதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவர் கட்டில் பக்கத்தில் இருந்தேன். திங்கட்கிழமை மத்தியானம் நல்ல நினைவோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எட்டி, உண்மையைச் சொல்லுடா. என் கண்ணு எப்போலேருந்து போச்சு? உனக்குத்தான் தெரிஞ்சிருக்கும், நீதானே பக்கத்துல இருந்தே." அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். கதவு சாத்தியிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"வயசாச்சில்ல, பெர்னி" என்றேன்.

தலையை ஆட்டினார். செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார்.