பத்துக்கு எத்தனை?

தலைமை தாங்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, மாப்பிள்ளையே, அடுத்த பணிக்குக் கிளம்பச் சீருடையோடு கதவோரம் நிற்கும் செவிலியர் தோழியரே, நம் அக்காவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

அறுவை சிகிச்சை வார்டின் தலைமைச் செவிலியர் என்பது அவருடைய பதவி. நாம் வைத்த பெயர் 'எத்தனை அக்கா'. இருபத்தாறு ஆண்டுகள் ஒவ்வொரு கட்டிலருகிலும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "வலி பத்துக்கு எத்தனை?" நோயாளியிடம் மட்டுமா கேட்டார்? மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் புது ஷூவைப் பார்த்துவிட்டு அவரிடமும் கேட்டார். ஆறு என்றாராம். மாப்பிள்ளை செருப்போடுதான் வரவேற்பில் நின்றார்.

அந்தக் கேள்விக்கு முதல் எதிரி யார்? நான்தான். தலைமை அறுவை மருத்துவனான என் கையெழுத்து இல்லாமல் வார்டில் வலியை அடக்கும் மார்ஃபின் ஒரு சொட்டும் போடக்கூடாது என்று விதி செய்தவன் நான். "பழக்கமாயிடும்மா, அப்புறம் விடமாட்டாங்க" என்பேன்.

"ரெண்டு நாளைக்கு அளவா, பக்கத்துல இருந்து பார்த்துக் கொடுப்போம் டாக்டர். வலியில இரும முடியாம நெஞ்சுல சளி கட்டுது அவங்களுக்கு" என்பார் அக்கா. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தபோதெல்லாம், என் கையெழுத்துக்காக மனிதர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பிறகு என் குடல்வால் வெடித்தது. அறுவை முடிந்து கண் விழித்தேன்.

"பத்துக்கு எத்தனை டாக்டர்?"

"பதினாலு."

அக்கா படிவத்தை நீட்டினார். எப்படியோ கிறுக்கினேன். அதை உற்றுப் பார்த்தார். "மயக்கம் தெளியாம போட்ட கையெழுத்து செல்லாதுன்னு உங்க விதியோட ரெண்டாம் பக்கத்துல நீங்களேதான் எழுதியிருக்கீங்க."

கண்காணிப்பாளரிடம் முன்பே உத்தரவு வாங்கி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என் மூச்சை எண்ணினார். மூன்றாம் நாள், பயிற்சி மருத்துவர்கள் பன்னிரண்டு பேர் சூழ்ந்து நிற்க, "வெளிக்குப் போனீங்களா டாக்டர்?" என்று உரக்கக் கேட்டார். மார்ஃபின் மலச்சிக்கல் தரும் என்பதை அந்தப் பன்னிரண்டு பேரும் இன்றுவரை மறக்கவில்லை. வேலைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக அந்த விதியைக் கிழித்துப் போட்டேன்.

போன மாதம் இடுப்பெலும்பு முறிந்து, அதே வார்டில் அக்கா படுத்திருந்தார். நான் கேட்டேன்: "எத்தனை?"

"நாலு. பக்கத்துக் கட்டில்ல இருக்கறவங்களுக்கு ஒன்பது. முதல்ல அங்க போங்க."

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டில் கம்பியை அவர் இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"எனக்கும் ஒன்பதுதான் டாக்டர்" என்றார்.

இனி எண்ணைக் கேட்டுவிட்டுக் கையையும் பார்ப்பேன். இது அக்காவுக்கு நான் தரும் வாக்கு. கதவோரம் நிற்கும் தோழியரே, உங்கள் பணி நேரம் வந்துவிட்டது. என் பேச்சு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். என் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டாம். போய்க் கேளுங்கள்.