ஓலை தின்ற கிடா

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் காலை, திருவெறும்பூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அண்ணியும் நாத்தனாருமாக இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணி, எங்க வீட்டுக் கிடா புனிதமாயிடுச்சு," என்றாள் இளையவள்.

"என்னாடி லூர்து உளர்ற?"

"சாமியார் மந்திரிச்சுக் கொடுத்த குருத்தோலையைக் கதவுல சொருகியிருந்தேன். முழுசாத் தின்னுடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை பாஸ்கா திருநாளுக்கு மாப்பிள்ளை முதமுதலா விருந்துக்கு வராரு. அவருக்குன்னே வளர்த்த கிடா. இனிமே வெட்டினா பாவமில்லையா?"

"தின்ன பிறகு யாரையாவது முட்டுச்சா?"

"இன்னிக்குக் காலையில என்னையே முட்டுச்சு."

"அப்ப தாராளமா வெட்டு. புனிதம் வயித்துல இருக்காது, நடத்தையிலதான் இருக்கும். நீகூட வாராவாரம் கோயில்ல நன்மை அப்பம் வாங்குற. நேத்துப் பூசை முடிஞ்ச கையோட குழாயடியில பக்கத்து வீட்டுக்காரியை என்னா பேச்சுப் பேசின!"

லூர்து சட்டென்று அண்ணி பக்கம் திரும்பினாள்.

"அப்ப என்னையும் வெட்டிடலாம்ங்கிறீங்களா?"

"கிடாவால மன்னிப்புக் கேக்க முடியாது. உன்னால முடியும். கேட்டுட்டு, அவளையும் விருந்துக்குக் கூப்பிடு."

லூர்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அவங்க வீட்டுல ஏழு பேரு அண்ணி. கறி பத்துமா?"