லைலின் அச்சுக்கு நான் போட்ட விளக்கு

உத்தரத்தில் மாட்டிய விளக்கைப் போல ஏமாற்றுகிற விளக்கு வேறு கிடையாது. அறை முழுக்கப் பளிச்சென்று இருக்கும். வேலை செய்ய உட்கார்ந்தால் நம் தலையின் நிழலே நம் கைமேல் விழும். நாற்பது வருடம் மின்சார வேலை பார்த்தவன் சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் பாதி மாட்டுக் கொட்டகைகளுக்கு நான்தான் கம்பி இழுத்தேன். இந்த அறையிலும் விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, மேடம். எழுதுவது உங்களுக்கே சரியாகத் தெரியாது. நாற்காலியைக் கொஞ்சம் இப்படித் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

காப்பி வேண்டாம். கோப்பையையும் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தால் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் பெயர் ஆர்டன் பீஷ்கே. லைல் ஸ்கோக்லண்ட் என் தங்கை மார்லிஸின் கணவன். அவன் வீட்டு நிலவறையில் தோட்டா போடும் அச்சு ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் இது பெரிய விஷயம் இல்லை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீசாமல் எடுத்து வந்து, அச்சில் வைத்து, புது வெடிமருந்து போட்டு, புதுக் குண்டு செருகினால் திரும்பவும் தோட்டா. மான் வேட்டைக்குப் போகிற ஆண்களில் பாதிப் பேர் செய்வதுதான். லைல் செய்தால் சுத்தமாக இருக்கும் என்று ஊரில் பெயர்.

அவன் அச்சு பழைய காலத்தது. கைப்பிடியை இழுத்தால் கூட்டுக்குள் ஒரு அளவு மருந்து விழும். அதன் பிறகு அடியில் இருக்கிற வட்டத் தட்டைக் கட்டைவிரலால் தள்ளி அடுத்த கூட்டைக் கொண்டுவர வேண்டும். தள்ள மறந்து இன்னொரு முறை இழுத்தால் அதே கூட்டில் இரண்டு அளவு விழுந்துவிடும்; அதைச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும். அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. லைல் கைப்பிடியில் கை வைத்தால் யாரும் பேசக்கூடாது. ரேடியோவும் கிடையாது. மார்லிஸ் மேலேயிருந்து சாப்பிடக்கூடக் கூப்பிட மாட்டாள். படிக்கட்டு விளக்கை அணைத்துப் போடுவாள், அவ்வளவுதான்.

சாதாரணத் தோட்டாவில் இப்படி ஆனால் மருந்து வழிந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பிள்ளைத் தோட்டா என்று ஒன்று போடுவோம். துப்பாக்கியின் உதை தாங்காத சின்னவர்களுக்காக வேறு மருந்தைக் கொஞ்சமாகப் போட்டுச் செய்வது. நீளமான கூடு, அடியில் துளி மருந்து. இரண்டு அளவு விழுந்தாலும் உள்ளே இடம் இருக்கும். எட்டிப் பார்த்தால்தான் தெரியும். பார்க்க வெளிச்சம் வேண்டும்.

என் மகன் வெஸ்லிக்குப் பதினான்கு வயதில் லைல் போட்டுக் கொடுத்தது பிள்ளைத் தோட்டாதான். பதினோரு வருடம் ஆகிறது. துப்பாக்கி அவன் முகத்துக்கு எதிரே வெடித்தது. என் அப்பாவின் பழைய துப்பாக்கி, இரும்பு இற்றுப்போயிருந்தது என்று உங்கள் போலீஸ் அலுவலகம் எழுதிக் கொடுத்தது. லைல் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஒவ்வொரு கூட்டையும் எட்டிப் பாத்தேன் மச்சான். சத்தியமா பாத்தேன்" என்றான். நான் நம்பினேன். அடக்க ஆராதனையில், சபையில் எல்லாரும் பார்க்க, மன்னித்தேன் என்று சொல்லி அவனைக் கட்டிப்பிடித்தேன். பிறகு கீழே போய் எல்லாரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டோம். என் மனைவி அந்த வசந்தத்தில் டுலூத் நகரத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. வேட்டைக்குப் போட்டுப்போகும் வெஸ்லியின் ஆரஞ்சு மேல்சட்டை இன்னும் எங்கள் பின்கதவு ஆணியில் தொங்குகிறது. அதை எடுக்கச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

இந்த ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட வழக்கம்போல நாங்கள் நான்கு பேரும் போயிருந்தோம். லைல், மார்லிஸ், அவர்கள் மகள் பிரிட்டா, நான். பிரிட்டாவுக்கு இருபத்திரண்டு வயது. போன வருடம் பனிச்சறுக்கில் விழுந்து தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க," என்றாள். "ரைபிள் உதைச்சா தோள் கழண்டு வருது. பிள்ளைத் தோட்டா போட்டுக் குடுன்னா அப்பா வாயவே தொறக்க மாட்டேங்கறாரு. போன சீசன் பூரா அம்மாகூட பூசணிப் பலகாரம் சுட்டுக்கிட்டுக் கெடந்தேன். இந்த வருசமும் அப்படின்னா மானெல்லாம் சிரிக்கும்."

லைல் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அதைப் போடுறத நான் விட்டாச்சு. விட்டது விட்டதுதான்."

"வெளிச்சந்தானே உனக்குக் கொறை?" என்றேன். "அச்சுலயே விளக்கு வச்சுத் தர்றேன். அப்புறம் என்ன பயம்?"

"வெளிச்சம் கொறைன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன் மச்சான். புள்ளைக்குப் போட்டுக் குடு."

மேசைக்கு அடியில் மார்லிஸ் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கண்ணில் நீர். நான் அந்தப் பேச்சை எடுப்பதற்காகப் பதினோரு வருடம் காத்திருந்தவள் அவள். லைல் என்னையே பார்த்தான். "நீ சொன்னா சரி," என்றான். பிரிட்டா எழுந்து வந்து என் வழுக்கையில் முத்தம் வைத்தாள்.

அன்றைக்கு என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் விளக்குப் போட்டேன்.

போட்டதும் ஒழுங்காகப் போட்டேன். பலர் கடையில் விற்கிற எல்இடி பட்டியை வாங்கி அப்படியே ஒட்டிவிடுவார்கள். அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஒரே மாதத்தில் உரிந்து தொங்கும். நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவிட்டு, அச்சின் வளைவுக்கு உள்பக்கம் ஒட்டினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அச்சு குலுங்கும் என்பதால் கம்பியைத் தளர்வாக ஒரு சுற்று விட்டுப் பற்றவைத்தேன். அதோடு கழுத்து வளைகிற சின்ன விளக்கு ஒன்றை, நேராகக் கூட்டின் வாய்க்குள் இறங்குகிற மாதிரி வைத்தேன். ஸ்விட்ச் மேசை விளிம்புக்கு அடியில், வலது கை எட்டும் இடத்தில்.

லைல் வந்து உட்கார்ந்தான். ஸ்விட்சைப் போட்டான். ஒரு கூட்டில் மருந்தை இறக்கி எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. மிட்டாய் கிடைத்த குழந்தை முகம்.

"அடேயப்பா, அடி வரைக்கும் தெரியுதே மச்சான். மணி மணியாத் தெரியுது. இத்தன வருசமா கெணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரிதான்யா பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு எழவும் தெரிஞ்சிருக்காது போ."

சொல்லிவிட்டுச் சிரித்தான். தான் என்ன சொன்னோம் என்று அவன் காதில் விழவில்லை. அடுத்த கூட்டை எடுத்து வைத்தான். நான் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். "நல்லா இருக்கா?" என்று கேட்டேன். "பிரமாதம்," என்றான். வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "சத்தியமா பாத்தேன்" என்று அன்றைக்கு அவன் பிடித்த என் இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல் இருந்தன. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

தோட்டா போடும் நாளை நான்தான் குறித்தேன். அக்டோபர் பதினேழு, மதியம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்த தோட்டாக்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவதாகச் சொன்னேன். பெட்டியில் ஐம்பது குழிகள், வரிசைக்கு ஐந்து. லைலிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் போட்டாலும் முதல் வரிசை ஐந்தையும் அவனே சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கொடுப்பான். வெஸ்லிக்கும் அப்படித்தான் செய்தான். அதனால் அன்றைக்கு நான் பேசியபோது லைலைத் தவிர யாரும் என் நினைவில் இல்லை.

ஆமாம், பேசினேன். அந்த வீட்டின் சட்டத்தை அன்றைக்குத்தான் முதல் முறையாக மீறினேன். மூன்று தோட்டா முடிந்திருந்தது. நான்காவது கூட்டில் மருந்து இறங்கிவிட்டது, அவன் கட்டைவிரல் தட்டுக்குப் போகிறது. அப்போது சொன்னேன்.

"இன்னைக்கு வெஸ்லிக்கு இருபத்தஞ்சு முடிஞ்சிருக்கும்."

கட்டைவிரல் நின்றது. அவன் கண்ணாடியைக் கழற்றினான். சட்டை முனையில் துடைத்தான், முகத்தையும் துடைத்தான். "எனக்கு ஞாபகம் இல்ல ஆர்டன்," என்றான். "மன்னிச்சிரு."

"பரவால்ல மச்சான். நீ வேலையப் பாரு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பிடியை இழுத்தான். தட்டைத் தள்ளவில்லை.

விளக்கு அருமையாக இருந்தது. நான் இருந்த இடத்திலிருந்தே கூட்டின் உள்பக்கம் தெரிந்தது. மற்றதில் மருந்து நின்ற மட்டத்துக்கு மேலே இன்னொரு மட்டம். அவன் கண் கலங்கியிருந்ததால் வெளிச்சம் கூசுமே என்று விளக்கின் கழுத்தைப் பிடித்துச் சற்று அந்தப் பக்கம் திருப்பினேன். அவன் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுக் குண்டைச் செருகினான். தோட்டாவை எடுத்து என் பக்கம் உருட்டிவிட்டான். மற்ற மூன்றும் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது. துணியால் துடைத்தேன். பிறகு விளக்கைப் பழையபடி திருப்பி வைத்தேன்.

நவம்பர் முதல் சனிக்கிழமை, ஜல்லிக் குழியில் துப்பாக்கியைச் சரிபார்க்கப் போனோம். சீசன் திறப்பதற்கு முன் எல்லாரும் செய்வது. நான் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தேன். லைல் வழக்கம்போல முதல் வரிசையைச் சுட்டான். ஐந்தும் கைக்குட்டை அகலத்துக்குள் விழுந்தன. பெட்டியை மகளிடம் நீட்டி, "இந்தாங்க மகாராணி, பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும்," என்றான். அவள் அப்பாவின் தொப்பியை இழுத்து மூக்குவரை மூடிவிட்டாள்.

"பிரிட்டா, கண்ணாடியப் போட்டுக்கம்மா," என்றேன். அதைச் சொன்னது நான்தான்.

"போட்டாச்சு மாமா. நீங்க காப்பியக் கொட்டாமக் குடிங்க."

இரண்டாம் வரிசை ஐந்து. தோள் வலிக்கவே இல்லை என்று திரும்பித் திரும்பி எங்களிடம் சொன்னாள். பிறகு இன்னும் ஒன்று. பிறகு அது.

லைல் ஓடினான். நானும் ஓடினேன். என் கோப்பை பலகையில் அப்படியே இருந்தது, பாதி காப்பியோடு. எல்லாம் முடிந்து ஆம்புலன்ஸ் போன பிறகு அதை எடுக்கக் குனிந்தேன். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். அன்றிலிருந்து எந்தக் கோப்பையைக் கண்டாலும் பார்க்கிறேன். சூப் கிண்ணத்தைப் பார்க்கிறேன், தேவாலயத்தில் நற்கருணைக் கிண்ணத்தைப் பார்க்கிறேன். கறுப்பு வட்டம், அதன் மேல் ஒரு வெள்ளை வெளிச்சம், அளவுக்கு மேலே நிற்கும் ஒரு மட்டம். தண்ணீரைக் குழாயில் வாய் வைத்துத்தான் குடிக்கிறேன். சில சமயம் அந்த வட்டத்துக்குள்ளிருந்து "மாமா" என்று கேட்கிறது. வெஸ்லியின் குரல் இதுவரை ஒரு தடவையும் கேட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை லைல் என் வீட்டுக்கு வந்தான். பின்கதவில் தொங்கிய ஆரஞ்சுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ரெண்டு பேரையும் நான்தான் கொன்னேன் ஆர்டன்," என்றான். "அன்னைக்கு இருட்டுல பாத்தேன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். இந்தத் தடவ நீ வெளிச்சமும் போட்டுக் குடுத்த, அப்பவும் நான் பாக்கல. என்ன மன்னிச்சிரு." பதினோரு வருடமாக எந்த வார்த்தைக்காக நான் இருந்தேனோ அந்த வார்த்தை அது. மன்னித்தேன் என்று இரண்டாம் முறை சொன்னேன். அவன் போன பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருந்த கிண்ணத்தைத் தரையோடு போட்டு உடைத்தேன்.

அவன் உங்களிடமும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று தெரியும். விபத்து என்று நீங்கள் முடித்துவிடுவீர்கள். மார்லிஸ் அந்த விளக்கை அணைக்க விடுவதில்லை. பட்டப்பகலில் தெருவில் போகும்போதும் தரையோடு இருக்கிற நிலவறை ஜன்னல் வெள்ளையாகத் தெரிகிறது. என்னால் அந்தத் தெருவில் போக முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. முதல் வரிசை லைலுக்கு என்றால், நான்காவதாக முடிந்த தோட்டா முதல் வரிசையில்தானே இருக்க வேண்டும்?

முதல் வரிசையில் அப்போது இரண்டு குழிகள் காலியாக இருந்தன. வைத்திருந்தால் வைத்திருக்கலாம். நான் அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முதல் வரிசையை நிரப்பினேன். இரண்டாவதையும் நிரப்பினேன். பத்துச் சுட்ட பிறகு யாருக்கும் பயம் இருக்காது. மூன்றாவது வரிசையில் ஒன்று வைத்துவிட்டு, பையிலிருந்து அதை எடுத்து இரண்டாவதாக வைத்தேன். என் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு பெட்டியை மூடி, ஒட்டுநாடாவில் அவள் பெயரை எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து லைலின் கையெழுத்தைவிட நன்றாக இருக்கும்.

நான் அவளுடைய தாய்மாமன். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. லைலுக்கும் நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை; அன்றைக்கு அவன் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.