சர்ச் ஐயர் சொல்லி அனுப்பினது

— செருப்பைக் கழட்டிட்டு அங்கேயே நின்னா என்னா அர்த்தம்ணா? உள்ள வா. தங்கச்சி வீட்டுக்கு வர்றதுக்கு யாரைக் கேக்கணும்?

— இருக்கட்டும் ஜோதி. மாப்ள வரச் சொன்னா வர்றேன்.

— ஏங்க, அண்ணன் வாசல்லயே நிக்குது. ஒரு வார்த்தை வரச் சொல்லுங்க.

— வர்றவங்களை நான் எப்ப தடுத்தேன்? வரட்டும்.

— மாப்ள, நல்லா இருக்கீங்களா?

— இருக்கேன். சக்கரவர்த்தி சார் நல்லா இருக்கீங்களா? இன்னைக்கு டூட்டி இல்லையா?

— காலை டூட்டி. காட்பாடி பாசஞ்சரை அனுப்பிட்டு நேரா வர்றேன். சார்னு கூப்பிடாதீங்க மாப்ள. ஒரு மாதிரி இருக்குது.

— ஏழு மாசமா எப்படியும் கூப்பிடலை. இப்ப சார்னாவது கூப்பிடறேன்.

— குந்துண்ணா. பாய்தான் இருக்குது. நாற்காலியெல்லாம் குவார்ட்டர்ஸ்ல இருந்து வெளிய தூக்கிப் போட்டப்பவே காலொடிஞ்சு போச்சு.

— தெரியும்மா.

— தெரியாம இருக்குமா? அவர்தான் சிக்னல் கேபின் மேல இருந்து பாத்துட்டிருந்தாரே. பானை சட்டி உருண்டு தண்டவாளம் வரைக்கும் போச்சு. நீ ஒவ்வொண்ணா பொறுக்கிட்டு வந்த. இந்த ஏரியா முழுக்க வேடிக்கை பாத்துச்சு.

— பாத்தேன் மாப்ள. தண்டவாளம் மாத்தற பாயின்ட் லீவரைப் புடிச்சிட்டிருந்தேன். கூட்ஸ் வண்டி வர்ற நேரம். விட்டுட்டு எறங்க முடியலை.

— ஆமா. வண்டி முக்கியம்.

— இந்த ரூமு ஒழுகுதா ஜோதி?

— கார்த்திகை மழையில ஒரு மூலை ஒழுகிச்சு. ஜானி பாஷா பாய் ஆள விட்டு ஓடு மாத்திக் குடுத்தாரு. அவர் இல்லைன்னா நாங்க மரத்தடியிலதான் இருந்திருப்போம்ணா.

— நல்ல மனுஷன்.

— சரி. எதுக்கு வந்தீங்கன்னு இன்னும் சொல்லலை.

— சர்ச் ஐயர் அனுப்பிச்சாரு.

— நினைச்சேன். முந்தாநாள் என்னைப் பாக்கவும் வந்தாரு. நான் இப்ப வேலை பாக்கற கீழ்பென்னாத்தூர் மில்லுக்கே பஸ் ஏறி வந்துட்டாரு. கடலைக்கொட்டை மூட்டை மேல உக்காந்து ஜெபம் பண்ணாரு. வெள்ளை அங்கி பூரா தூசு.

— உங்ககிட்ட என்னா சொன்னாரு?

— உங்ககிட்ட சொன்னதைத்தான் சொல்லியிருப்பாரு. உங்க ரெண்டு பேரால நாலு மாசமா சபைக்கே ராப்போஜன அப்பமும் ரசமும் இல்லை. ஒரே பாத்திரத்துல குடிக்க மனசில்லாதவங்களுக்கு நான் பாத்திரத்தைத் தூக்க மாட்டேன். எழுபத்து நாலாவது வருஷம் முடியறதுக்குள்ள, கிறிஸ்மஸுக்கு முன்னாடி, பேசித் தீத்துக்கங்க. அவ்ளோதான்.

— ஆமாங்க. சர்ச்சுக்குப் போனா வயசானவங்க எல்லாம் என்னைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கறாங்க. நாங்க கண்ணை மூடறதுக்குள்ள ஒரு ராப்போஜனம் வாங்க விடுவாளான்னு என் காதுல விழற மாதிரியே பேசறாங்க.

— உன்னை ஏன் பேசணும்? எழுந்து வந்தவன் நான். ஆகஸ்ட் மாசம் பாத்திரம் உங்கண்ணன் வாய்ல இருந்து என்கிட்ட வந்துச்சு. வாங்காம எழுந்து வந்தேன். என் பின்னாடி பதினோரு குடும்பம் எழுந்துச்சு. எல்லாம் ஸ்ட்ரைக் பண்ணின குடும்பம். நான் கூப்பிடலை.

— அன்னைக்கு என் பக்கத்துல ஒருத்தரும் இல்லை மாப்ள. நடுவுல நான் ஒருத்தன் முட்டி போட்டுட்டிருந்தேன்.

— எழுந்திருக்க வேண்டியதுதானே?

— ஐயர் எழுந்திருக்கச் சொல்லலை.

— சொல்லுங்க. வந்த விஷயத்தைச் சொல்லுங்க.

— மன்னிப்பு கேக்க வந்தேன்.

— எதுக்குன்னு சொல்லிக் கேக்கணும். ஐயர் அப்படித்தான் சொல்லியிருப்பாரு.

— மே மாசம் ரயில்வே ஸ்ட்ரைக்கு நடந்தப்ப நீங்க ஒளிஞ்சிருந்த இடத்தை நான்தான் போலீஸுக்குச் சொன்னேன். அதனால நீங்க ஜெயிலுக்குப் போனீங்க. வேலை போச்சு, குவார்ட்டர்ஸ் போச்சு. மத்தவங்களைத் திரும்ப எடுத்தும் உங்க கேசு மட்டும் நிக்குது. எல்லாம் என்னால. மன்னிச்சிடுங்க.

— மனப்பாடமா வருது.

— வழியில ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டு வந்தேன்.

— எந்தக் கிழமை சொன்னீங்க போலீஸுக்கு?

— அது, திங்கக்கிழமையா இருக்கும்.

— யார்கிட்ட?

— இன்ஸ்பெக்டர்கிட்ட.

— நேர்ல போயா?

— ஆமா. இல்லை மாப்ள, ஆள் அனுப்பிச்சேன்.

— பாஷா பாயோட கடலைக்கொட்டை குடோன்ல நான் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஊர்ல பேசிக்கிட்டாங்க.

— ஊர்ல பேசிக்கிட்டாங்க. சரி.

— ஏங்க, அது எதுக்கு இப்ப? அண்ணன்தான் ஒத்துக்கிட்டு நிக்குதில்ல. கோர்ட்டுல கேக்கற மாதிரி கேக்கறீங்களே.

— ஏழு மாசம் கழிச்சு ஒருத்தர் வந்து சொல்றாரு ஜோதி. முழுசா கேட்டுக்க வேணாமா?

— வேலைக்குப் போனதுக்கும் சேத்துத்தான் கேக்கறேன் மாப்ள. எல்லாரும் வெளிய நின்னப்ப நான் மட்டும் உள்ள போனேன்.

— அதுக்கு ஏன் கேக்கறீங்க? அதுவும் ஐயர் சொல்லித்தானே போனீங்க.

— ஆமா. ஏப்ரல் கடைசி ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொன்னாரு. மேல இருக்கறவங்களும் ஆண்டவர் வச்சவங்கதான், அவங்களை எதுத்து நிக்கறது கிறிஸ்தவனுக்கு அழகில்லைன்னாரு. நீங்களும் அதே பெஞ்சில உக்காந்து கேட்டீங்க.

— கேட்டேன். யூனியன்ல சொன்னதையும் கேட்டேன். ஒருத்தன் உள்ள போனாலும் எல்லாருக்கும் துரோகம்னாங்க. ஐயரும் ஒத்துமைன்னாரு, யூனியன்காரனும் ஒத்துமைன்னான். எந்த ஒத்துமைன்னு நாமதான் பொறுக்கிக்கணும்.

— எனக்குப் பொறுக்கத் தெரியாது மாப்ள. பச்சைக்கொடி காட்டுன்னா காட்டுவேன், சிகப்புன்னா சிகப்பு. முப்பது வருஷம் அப்படியே ஓடிப்போச்சு. ஸ்ட்ரைக்கு முடிஞ்சப்புறம் விசுவாசமா வேலை செஞ்சேன்னு ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. அன்னைல இருந்து ஸ்டேஷன்ல ஒருத்தனும் என்கூட நின்னு டீ குடிக்கறதில்லை. கார்த்திகை தீபத்துக்கு ஸ்பெஷல் வண்டி மேல வண்டி வந்துச்சு. ஜனம் பிளாட்பாரம் கொள்ளலை. அத்தனை ஜனத்துல எனக்குப் பேச ஆளில்லை.

— சர்ட்டிபிகேட்டை மாட்டி வச்சிருக்கீங்களா?

— பொட்டியில இருக்குது.

— சரி. மன்னிச்சிட்டேன்.

— மாப்ள.

— மன்னிக்கச் சொன்னாரு, மன்னிச்சிட்டேன். இன்னும் என்னா? கை குடுக்கணுமா?

— முட்டி போட்டு ரெண்டு பேரும் ஜெபம் பண்ணணும்னாரு.

— அதை ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பண்ணிக்கலாம்.

— மனசுல இருந்துதான் சொன்னீங்களா?

— மனசுல ஒண்ணும் இல்லை. கோவமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பல்லு புடுங்க ஊசி போட்டப்புறம் கன்னத்தைத் தொட்டுப் பாத்தா எப்படி இருக்கும், அப்படி இருக்குது. உங்களுக்கு?

— எனக்கும் அப்படித்தான் இருக்குது. நடந்து வர்றப்ப காலு நடக்குது, நான் பின்னாடி வர்றேன்.

— ரெண்டு பேரும் ஏதோ செத்த வீட்ல பேசற மாதிரி பேசறீங்க. நான் போய் கைசர் ஜஹான் அக்கா வீட்ல கொஞ்சம் பால் வாங்கிட்டு வர்றேன். வெறும் காப்பியா குடுத்து அனுப்ப முடியும்? சண்டை போடாம இருங்க.

— வேணாம்மா, எதுக்கு.

— இருண்ணா. ஏழு மாசம் கழிச்சு வந்திருக்க.

— போய்ட்டு வா ஜோதி. நிதானமா வா.

— சரிங்க.

— போய்ட்டாளா பாருங்க.

— அந்தப் பக்கம் திரும்பிடுச்சு மாப்ள.

— மச்சான், எதுக்குப் பொய் சொன்ன?

— என்னா?

— நீ செய்யாததை எதுக்குச் செஞ்சேன்னு வந்து சொல்ற?

— பொய்னு யார் சொன்னா?

— குடோன் விஷயம் மொத்தம் மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, பாஷா பாய்க்கு, ஜோதிக்கு. பாஷா பாய் வாயைத் தொறக்கலை. அதுக்கே அவரை ரெண்டு நாள் போலீஸ்காரங்க குந்த வச்சாங்க. மிச்சம் யாரு?

— அவளை ஒண்ணும் சொல்லாதீங்க மாப்ள. அவ போலீஸுக்குச் சொல்லலை. சத்தியமா சொல்லலை.

— எனக்குத் தெரியும். ஐயர்கிட்ட சொன்னா. எங்க ஊட்டுக்காரர் இன்ன இடத்துல இருக்காரு, ஒண்ணும் ஆகாம இருக்க ஜெபம் பண்ணுங்க ஐயான்னு சொன்னா. மறுநாள் இன்ஸ்பெக்டர் ஐயர் பங்களாவுக்குப் போய்க் கேட்டாரு. அவர் சொல்லிட்டாரு.

— உங்களுக்கு இது எப்படி?

— வேலூர் ஜெயிலுக்கு வேன்ல கொண்டுபோறப்ப ஏட்டு சொன்னாரு. உங்க பாதிரியாரே இடத்தைச் சொல்லிட்டாருய்யா, நாங்க தேடவே வேண்டியதில்லாம போச்சுன்னாரு.

— அப்ப முதல் நாள்ல இருந்தே தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சுதான் தேரடியில என்னை நிக்க வச்சுத் திட்டினீங்களா? அத்தனை பேர் எதிர்ல காட்டிக் குடுத்தவன்னீங்க. என் பொண்ணு கல்யாணத்துக்குத் தாய்மாமன் வீட்டு ஆளுங்க வந்து நின்னாங்க, அத்தை வரலை. நீங்கதான் விடலைன்னு சொன்னாங்க.

— நான்தான் விடலை.

— ஏன் மாப்ள? நான் உங்களுக்கு என்னா பண்ணேன்?

— ஒண்ணும் பண்ணலை. யாரையாவது திட்டிட்டே இருக்கணும் மச்சான். நான் சும்மா இருந்தா அவ யோசிக்க ஆரம்பிச்சிடுவா. யார் சொல்லியிருப்பாங்கன்னு ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாத்துட்டே வருவா. கடைசியில அவ வாய்லயே வந்து நிப்பா. அதுக்கப்புறம் அவ எதுக்கு ஆவா சொல்லு. அதான் உன் பேரை எடுத்தேன். நீ வேலைக்குப் போனவன். சொன்னா ஊர் நம்பும்னு தெரியும்.

— நம்பிடுச்சு.

— ஆமா. நீ எப்ப தெரிஞ்சுக்கிட்ட?

— போன வாரம். ஐயர் பங்களாவுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சு அழுதாரு. இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரா கேட்டாரு, என் வாய்ல பொய் வரலை சக்கரவர்த்தின்னாரு. இது உன் மாப்ள அர்ஜுனனுக்குத் தெரிஞ்சா சபையும் ரெண்டா போயிடும், உன் தங்கச்சி வாழ்க்கையும் போயிடும். அவன் ஏற்கெனவே நீதான்னு நம்பறான். நீயே போய் ஒத்துக்கிட்டா எல்லாம் சேந்துடும்னாரு.

— அவர் வாய்ல பொய் வராது. உன் வாய்ல வரும்னு அனுப்பிச்சாரா?

— உத்தரவுன்னு சொல்லலை மாப்ள. உன் இஷ்டம்னுதான் சொன்னாரு. அப்படி என்கிட்ட யாரும் சொன்னதில்லை. ரெண்டு நாள் சோறு எறங்கலை. அப்புறம் ஜோதிக்குத்தானேன்னு கிளம்பிட்டேன்.

— இப்ப என்னா பண்ணலாம்?

— நான் சொன்னதாவே இருக்கட்டும். நீங்க மன்னிச்சதாவே இருக்கட்டும்.

— உன் பேரு?

— போன பேருதானே. அது பழகிடுச்சு.

— ஸ்டேஷன்ல உன்கூட டீ குடிக்கச் சொல்லி நான் பசங்ககிட்ட சொல்றேன். மன்னிச்சிட்டேன்னு சொன்னா கேப்பாங்க.

— சொல்லுங்க மாப்ள. அது போதும்.

— ஐயரை என்னா பண்றது? ஞாயித்துக்கிழமை அவர் கையில இருந்துதான் வாங்கணும்.

— வாங்கிக்கலாம். பாத்திரம் அவரோடது இல்லையே.

— அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது மச்சான். எந்த ஜென்மத்துக்கும்.

— என் வாய்ல வராது.

— கம்முனு இரு. வர்றா.

— அக்கா காப்பியாவே போட்டுக் குடுத்துட்டாங்க. சத்தமே கேக்கலையேன்னு பயந்துட்டே வந்தேன். என்னா பேசிட்டிருந்தீங்க?

— ஒண்ணுமில்லை. வண்டி நேரம் மாத்தியிருக்காங்களாம், அதைச் சொல்லிட்டிருந்தாரு.

— குடிண்ணா. உனக்கு சக்கரை கம்மியா போடச் சொன்னேன்.

— குடிக்கறேம்மா. நீ இளைச்சுப் போய்ட்ட.

— ஜோதி, ஞாயித்துக்கிழமை சீக்கிரம் கிளம்பணும். ரெண்டு குடும்பமும் ஒரே பெஞ்சில உக்காரணும்னு ஐயர் சொல்லியிருக்காரு.

— நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் வரலை.

— ஏம்மா? அதான் எல்லாம் முடிஞ்சுதே. நான் கேட்டுட்டேன், மாப்ள மன்னிச்சிட்டாரு.

— ஐயர் சொன்னாருன்னு நீ கேட்ட. ஐயர் சொன்னாருன்னு இவர் மன்னிச்சாரு.

— அப்புறம் என்னா ஜோதி?

— குடோன்ல இருக்கீங்கன்னு ஐயர்கிட்ட போய்ச் சொன்னவ நானுங்க. நான் யார்கிட்ட போய் மன்னிப்பு கேக்கணும்னு அவர் ஒண்ணுமே சொல்லலையே.