நட்சத்திரம்னா புள்ளியா இருக்கணும்

...அதுவும் ஒண்ணு ரெண்டு நட்சத்திரம் இல்ல பெரியவரே, மொத்த வானமும்! இந்தாங்க, போன்லயே பாருங்க. என்ன தெரியுது? புழுவா? அதேதான். கெஸல் அம்மாவும் அதத்தான் கேட்டாங்க. "என்ன தம்பி, நூடுல்ஸத் தரைல கொட்டிப் படம் எடுத்தியா?"

நகருங்க நகருங்க, வரிசை நகருது... இல்ல, நகரல. நொலீன் அக்கா ஒரு ஸ்டாம்ப ஒட்டி முடிக்கிறதுக்குள்ள ஆடு குட்டி போட்டு, அந்தக் குட்டிக்கும் ரோமம் வெட்டுற பருவம் வந்துடும். இந்த ஊர்ல ஒரே தபாலாபீஸ், அதுல ஒரே ஜன்னல், அதுக்கு ஒரே நொலீன் அக்கா. பரவால்ல, இந்தப் பொட்டியத் திருப்பி அனுப்பத்தான் வந்தேன். எனக்கு அவசரமில்ல. அவசரம்தான், சும்மா சொன்னேன். நாளைக்குக் காலைல என் பொழப்பு முடிவாகுது.

குன்று மேல வெள்ளையா, கவுத்துப்போட்ட கிண்ணம் மாதிரி ஒண்ணு இருக்குல்ல? நீங்க கேரவன்ல வரும்போது பாத்திருப்பீங்க. உங்கள மாதிரி டூரிஸ்டுங்களுக்கு வானத்தக் காட்டுற எடம். கெஸல் அம்மாதான் முதலாளி. அங்க ஒரே ஒரு வேல காலி. சர்ட்டிபிகேட் கேக்க மாட்டாங்க, அதான் போனேன். எங்கிட்ட ஏது? பள்ளிக்கூடத்த நான் விட்டேனா, அது என்ன விட்டுச்சான்னு எங்க வீட்டுல இன்னும் பேசி முடிக்கல. கெஸல் அம்மா சொன்னது இதான்: "நீ எடுத்த படம் ஒண்ணு கொண்டா. நட்சத்திரம்னா புள்ளியா இருக்கணும், கோடா இருக்கக் கூடாது. அவ்ளோதான்." அவ்ளோதானாம்!

கெடைக்கலன்னா என்னவா? திங்கக்கெழமலேர்ந்து டேரல் சித்தப்பா கொட்டாய்ல. என்ன வேலன்னு கேளுங்க. ஆட்டுக்குப் பின்பக்கம் புழுக்கை காஞ்சு கெட்டியா ஒட்டியிருக்கும் பாருங்க, அந்த ரோமத்த வெட்டி எடுக்கணும். ஒரு ஆட்டுக்கா? சித்தப்பாகிட்ட இருக்குற அத்தன ஆட்டுக்கும். அதுங்க நன்றியெல்லாம் சொல்லாது. உதைக்கும்.

அதனாலதான் இந்த டிராக்கர வாங்கினேன். பூமி சுத்துதுல்ல, கேமராவத் தெறந்து வச்சா நட்சத்திரம் நகந்து கோடா விழும். கேமராவ இது தலைல மாட்டிவிட்டா, வானம் போற பக்கமே மெதுவாத் திருப்பிக்கிட்டே போகும். நட்சத்திரம் புள்ளியா நிக்கும். நிக்கணும்! இப்ப கேளுங்க கூத்த. இத ஆஃப் பண்ணிட்டு எடுத்தா கோடு சின்னதா விழுது. ஆன் பண்ணி எடுத்தா ரெண்டு மடங்கு நீளமா விழுது! மெஷின் இல்லாததவிட மெஷின் இருந்தா மோசம். எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? குடையப் பிடிச்சா ரெண்டு மடங்கு நனையுற மாதிரி!

என் மேல தப்பே இல்ல. வீடியோவெல்லாம் பாத்துத்தான் செஞ்சேன். அமெரிக்காவுல ஒரு தாடிக்காரன். எடுத்த எடுப்புலயே "துருவ நட்சத்திரத்தப் பாருங்க"ங்கறான். எங்கடா பாக்குறது? ஆஸ்திரேலியாவுல நின்னா அது எங்க காலுக்குக் கீழ, பூமிக்கு அந்தப் பக்கம் கெடக்கு. நமக்குத் தெக்கால உருப்படியா ஒண்ணும் கெடையாது, வெறும் இருட்டு. அந்த இருட்டுல நாலு மங்கல் நட்சத்திரத்தத் தேடிப் புடிச்சு, இத அதுக்கு நேரா நிறுத்தினேன். நானே! குன்று மேல இருக்குறவங்களுக்கே அது தண்ணி காட்டும். அவ்ளோ கஷ்டமானதச் செஞ்சவனுக்கு சுலபமானது வராதா? அப்ப கோளாறு எங்க இருக்கு? மெஷின்ல.

கேமரா மட்டும் லேசுப்பட்டதா? உள்ளயே ஃபிரிட்ஜ் வச்ச கேமரா. ஒயரு தனியா வாங்கணுமாம். வந்த ஒயரு ஓட்டைல போகாது. போற ஒயரு வந்தா, ஆப்ப அப்டேட் பண்ணுங்குது. எங்க பண்ணைல தண்ணித் தொட்டி மேல ஏறினாத்தான் சிக்னலு. ஏறினேன். தொட்டி மேல உக்காந்து அப்டேட் பண்ணேன். கீழ நின்னுக்கிட்டு நாய் கொலைக்குது, என்ன யாருன்னே தெரியாத மாதிரி.

இதுல இன்னொரு கொடுமை. எனக்குப் புதுசா எந்தப் பார்சல் வந்தாலும் கூடவே மேகமும் வரும். லென்ஸ் வந்துச்சு, வாரம் பூரா மேகம். கேமரா வந்துச்சு, ஆறு ரோட்டுக்கு வந்துடுச்சு. சத்தியமா! இப்ப கோதுமை போட்டவனெல்லாம் எங்கப்பாவப் புடிச்சுக்கிட்டு, "ஏம்ப்பா, ஒம் பையன இன்னொரு லென்ஸ் ஆர்டர் போடச் சொல்லேன், பயிர் காயுது"ங்கறான். இன்னிக்குக்கூட உள்ள ஒண்ணு வந்து கெடக்காம், லென்ஸ்ல பனி படியாம சூடாக்குற பட்டை. காலைல வானம் பளிச்சுனு இருந்துச்சு. இப்ப ஜன்னல் வழியாப் பாருங்க... பாத்தீங்களா?

வேலைக்குப் போட்டி யாரு தெரியுமா? டீகன். பேக்கரில மீட் பை, அதான் மாவுக்குள்ள கறி வச்சு சுடுவாங்களே, அத விக்கிறவ. குப்பைக் கெடங்குல பொறுக்கின டெலஸ்கோப்புல செல்போன ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, நிலாவ எடுத்துக் குடுத்திருக்கா. நிலாவ! கண்ண மூடிக்கிட்டே எடுக்கலாம் அத. "இதுல நட்சத்திரமே இல்லையே?"ன்னேன். "கோடும் இல்லையே"ங்கறா. வாய பாருங்க அவளுக்கு.

இந்த டிராக்கர் வந்த அன்னைக்கு பொட்டியத் தூக்கிக்கிட்டு நேரா பேக்கரிக்குத்தான் போனேன். அவ வயிறு எரியட்டும்னுதான், வேற எதுக்கு? வாங்கி இப்படி அப்படித் திருப்பிப் பாத்துட்டு ஏதோ சொன்னா. யாரு கேட்டா? "நீ மீட் பை மேல சாஸ் ஊத்து தாயி"ன்னேன். கடையே சிரிச்சுச்சு.

நம்பலன்னா நீங்களே பாருங்க, தெறந்து காட்டுறேன். இது ஆன் பண்றது. இது கேமரா மாட்டுற எடம். என்ன? எது? ஓ, இந்தச் சின்னப் பொத்தானா? அது ஒண்ணுமில்ல. ஒரு பக்கம் இங்கிலீஷ் எழுத்து என், ஒரு பக்கம் எஸ். என்-னா நார்மல், எஸ்-னா ஸ்லோ. நான் நார்மல்லதான் வச்சிருக்கேன்... எதுக்குக் கண்ணாடிய மாட்டுறீங்க? எங்க கை காட்டுறீங்க? அது பிரிஸ்பேன் போற ரோடு. வடக்கு. இந்தப் பக்கமா? இது தெக்கு...

என்... நார்த்து. எஸ்...

ஐயோ.

அப்ப இத்தன நாளா இது பின்னாடி சுத்திக்கிட்டு இருந்துச்சா? வானம் ஒரு பக்கம் போக, கேமரா எதிர்ப்பக்கம் போக... அதான் ரெண்டு மடங்கு! சிரிக்காதீங்க பெரியவரே! தோள் குலுங்குது உங்களுக்கு, தெரியாதுன்னு நெனைக்காதீங்க. குடுங்க அத. அனுப்பல. இன்னும் ஒரு ராத்திரி இருக்கு, இன்னிக்கு ராத்திரி எடுத்தாக்கூட போதும்... அக்கா, நொலீன் அக்கா, நான் வரிசைல இல்ல! என்னது? பார்சலா? வேணாம்! எடுக்காதீங்க, உள்ளயே கெடக்கட்டும்! மேசை மேல வைக்காதீங்கன்னு சொல்றேன்ல!

வச்சுட்டாங்க.

...கேக்குதா? தகரக் கூரை மேல. எங்கப்பா இந்நேரம் வாசல்ல நின்னு தொப்பியக் கழட்டி நனைஞ்சுக்கிட்டு இருப்பாரு. சித்தப்பா கத்திரிய சாணை பிடிப்பாரு.

என்ன பாக்குறீங்க? டீகன் என்ன சொன்னாங்கறீங்களா? பொத்தானத் தொட்டுக் காட்டித்தான் சொன்னா. "இதெல்லாம் வடக்க இருக்குறவனுக்குப் பண்ணது. நாம தெக்கால இருக்கோம்டா மக்கு. ஆன் பண்றதுக்கு முன்னாடி இத எஸ் பக்கம் தள்ளு."

நான் தள்ளல.