இரண்டு சொட்டு நீலகிரித் தைலம்

நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் தும்மிக்கொண்டே இருக்கிறீர்கள், மேடம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் பழக்கம், கண்ணில் பட்டுவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் ஆவி பிடியுங்கள். தண்ணீர் கொதித்ததும் இறக்கி வைத்து, சற்றுப் பொறுத்து இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஜாஸ்தி விட்டால் சீக்கிரம் குணமாகும் என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். மூக்கு புண்ணாவதுதான் மிச்சம்.

பையைக் கீழே வைக்கச் சொன்னீர்கள். இருக்கட்டும், மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். கனமில்லை.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி என் தைலக்கடை. பின்கட்டிலேயே வீடு. வெளிநாட்டுக்காரர்கள் அறையில் வாசனைக்கு லாவெண்டர் வாங்குவார்கள், நம்மவர்கள் சளிக்கு நீலகிரித் தைலம் வாங்குவார்கள். கலப்படம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கைக்குழந்தை இருக்கிற வீடு என்று தெரிந்தால் புதினா எண்ணெயை விற்கவே மாட்டேன், பிள்ளைக்கு மூச்சு முட்டும். அவ்வளவு பார்த்துச் செய்கிறவன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி ரேவதிக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சைனஸ். பனிக்காலம் வந்தால் மூக்கடைப்பு, நெற்றிப்பொட்டில் வலி. நான்தான் வெந்நீர் வைப்பேன். போர்வைக்குள் தலையை விட்டு அவள் குனிந்திருக்கும்போது பாத்திரம் சாயாமல் பிடித்துக்கொள்வேன். முகம் சிவந்து வெளியே வந்ததும் அப்படியே என் தோளில் சாய்ந்துகொண்டு, "இப்பதாங்க உசுரு வந்துது" என்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ரேவதி அதிகம் பேசுகிறவளும் இல்லை, எந்நேரமும் பரீட்சைப் புத்தகத்தில் மூழ்கிக் கிடப்பாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் முழுசாக என்னிடம் இருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லையே.

எதிர்வீட்டுச் சந்திரகலா அக்கா வாசலில் நின்று சத்தமாகவே சொல்லும். "எங்க வூட்டுக்காரரு நா செத்துக் கெடந்தாக்கூட இன்னான்னு கேக்க மாட்டாரு. நீ குடுத்து வெச்சவ ரேவதி." ரேவதி சிரிப்பாள். நான் காதில் விழாதது மாதிரி உள்ளே போய்விடுவேன்.

ஒரு வருஷம் அடைப்பு விடவே இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரேவதி மாத்திரை வாங்கப் போயிருந்தபோது அவர் என்னிடம் சொன்னார். "பழைய பஞ்சு, மெத்தை, தலகாணி எல்லாம் தூக்கிப் போட்டுடுங்க. தூசிதான் அவங்களுக்கு ஆவல. மருந்து அப்புறம்." நான் அப்படியே செய்தேன். மெத்தையை மாற்றினேன், திரைச்சீலையைக் கழற்றினேன், ஞாயிறுதோறும் மின்விசிறியைத் துடைத்தேன். தலையணையை மட்டும் விட்டுவிட்டேன். இலவம்பஞ்சு, நன்றாக மசிந்து மெத்தென்று இருக்கும். பழகிய தலையணையைப் பிடுங்கிக்கொண்டால் அவளுக்குத் தூக்கம் வராதே என்ற ஒரே எண்ணம்தான். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் உறையைத் துவைத்துப் போட்டு, மூலையில் இரண்டு சொட்டுத் தைலம் விடுவேன். அந்த வாசனைக்கு அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு முகத்தை அழுத்திப் படுப்பாள். காலையில் அடைப்பு இருக்கும். வெந்நீர் வைப்பேன். தோளில் சாய்வாள்.

ஆடி மாசம் போளூருக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து போன். குரலே மாறியிருந்தது, கணீரென்று இருந்தது. "இங்க மூக்கு சுத்தமா நல்லாருக்குங்க. தைலமே வேணாம்." சந்தோஷமாகத்தான் சொன்னாள். போனை வைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

அவள் திரும்பி வந்த கொஞ்ச நாளில் ஆர்டர் வந்தது. பரீட்சையில் தேறிவிட்டாள், தூத்துக்குடியில் அரசு வேலை. ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று அழுதாள். "நீங்களும் வாங்க. அங்க ஒரு கட போட்டுக்கலாம். வெளிநாட்டுக்காரன் இல்லன்னா இன்னா, சளி எல்லா ஊர்லயும் புடிக்குது" என்றாள். பார்க்கலாம் என்றேன். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. வேண்டுமானால் அவளையே கேளுங்கள்.

கடைக் கிடங்கில் ஒரு பழைய மெத்தை கிடந்தது. மழையில் ஊறி, பஞ்சு கறுத்துப் பூஞ்சை பூத்திருந்தது. அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, தலையணையைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்தேன். மக்கல் வாடை தெரியாமலிருக்க உறையில் தைலத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ஒரு வாரத்தில் அவளால் பெட்டியைத் தூக்கவே முடியவில்லை. வேலையில் சேர அவகாசம் கேட்டு விண்ணப்பம் போடச் சொன்னேன். கிடைத்தது. மறுபடியும் கிளம்பப் பார்த்தாள். மறுபடியும் ஒரு கைப்பிடி வைத்தேன், கடையில் பெருக்கிய தூசியும் சேர்த்து. அடைப்பு நெஞ்சுக்கு இறங்கியது, இழுப்பு ஆரம்பித்தது. ராவெல்லாம் முதுகை நீவிக்கொடுத்தேன். என்னைப் போல யார் செய்வார்கள் சொல்லுங்கள்.

பௌர்ணமி அன்று சாயங்காலம் அவளால் மூச்சு விடவே முடியவில்லை. உதடு நீலமாகிவிட்டது. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள், ஆட்டோ வராது. தூக்கிக்கொண்டு ஓடினேன். அத்தனை ஜனமும் விலகி வழிவிட்டது. ஒரு அம்மா அரோகரா சொல்லி என் தோளைத் தொட்டுக் கும்பிட்டாள். ரேவதி என் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். உண்மையைச் சொல்வதானால், என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தாள், இட்லி கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தலையணையை எடுத்து வந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்தது கல்லு மாதிரி இருந்தது, பாவம். மறுநாள் காலையில் திரும்பவும் ஆக்சிஜன்.

துணைக்கு வந்திருந்த அவள் தங்கை இனியா, மத்தியானம் அந்தத் தலையணையைத் தரையில் போட்டுப் படுத்திருக்கிறாள். கண் வீங்கி, தும்மி எழுந்தவள் தையலைப் பிரித்துவிட்டாள். நான் சாப்பாட்டோடு உள்ளே வருகிறேன், கறுப்புப் பஞ்சை மடியில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "மாமா, இது இன்னா மாமா?" என்றாள். பஞ்சும்மா என்றேன். ரேவதி என்னைப் பார்த்தாள். ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றாமலேயே பார்த்தாள். நான் தூக்குவாளியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆமாம், செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன், ஒவ்வொரு தடவையும். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை.

ஆனால் அவள் செத்துப்போக வேண்டும் என்று நினைத்ததாக வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது. நான் அவளுக்கு மூச்சு வர வைத்தவன்.

இப்போது தூத்துக்குடியில் வேலையில் சேர்ந்துவிட்டாள், மாத்திரைகூட இல்லாமல் நன்றாக இருக்கிறாள் என்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடல் காற்று, ஈரம் ஜாஸ்தி. அடைப்பு வந்தால் வெந்நீர் வைக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

பாருங்கள், இனியா பிரித்த தலையணையை, சாட்சியாக மேசை மேல் வைத்திருந்ததை, அப்போதே வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டீர்கள், ஆனாலும் உங்களுக்குத் தும்மல் நிற்கவில்லை. அது இந்தப் பையிலிருந்து வருகிறது. அவளுக்காகப் புதிதாக ஒன்று தைத்தேன். உறை வெள்ளைப் பருத்தி, நானே துவைத்தது. உள்ளே பழைய பஞ்சு ஒரு கைப்பிடிதான் வைத்திருக்கிறேன், அவளுக்குப் பழகினது வேண்டுமே. விலாசம் மட்டும் சொல்லுங்கள், மேடம். நானே அனுப்பி வைத்துவிடுகிறேன்.