ஓசிப் பாட்டு கிளாசு

ஐயையோ, நிறுத்திட்டீங்களே! நான் ஒன்னும் குத்தம் சொல்லல சார். விழுப்புரத்துல ஏறினதுலருந்து நீங்க வாய்க்குள்ளயே பாடிக்கினு வந்தீங்க பாருங்க, அதக் கேட்டுக்கினுதான் வந்தேன். சுருதி வெலகாமப் போவுது, அதான் திரும்பிப் பாத்தேன். பாடுங்க, இன்னாத்துக்கு வெக்கம்? வண்டி இப்போதிக்கு நவுராது. கூட்டேரிப்பட்டாண்ட கரும்பு லோடு கவுந்துகினு கெடக்குதாம். எஞ்சினயே ஆஃப் பண்ணிட்டாரு டிரைவரு. கண்டக்டரும் எறங்கிட்டாரு.

எனக்கா, பாட்டா? அட நீங்க ஒன்னு. நான் மைக் செட்டு சார். தென்னரசு சவுண்டு சர்வீசு, காணை ரோட்டுல. கல்யாணம், காதுகுத்து, தீமிதி, கட்சிக் கூட்டம், எதுன்னாலும் நம்ம ஸ்பீக்கருதான் அலறும். ஊருக்கே பாட்டு போட்டவன், எனக்கு ஸரிகம தெரியாது. சவுண்டு ஏத்தத் தெரியும், போலீசு வந்தா எறக்கத் தெரியும். அவ்ளோதான் நம்ம சங்கீதம்.

இப்பத்தான் படிச்சிக்கினு இருக்கேன். சிரிக்காதீங்க. போன்லதான், ஆன்லைன் கிளாசு. மியூசிக் தியரி. ஓசிதான் சார், ஒத்த பைசா கெடையாது. ஓசின்னா நம்மாளுங்க ஓடி வருவாங்கன்னு பாத்தா, மொத நாளு எக்கச்சக்க பேரு, இப்ப ஒரு ஷேர் ஆட்டோல அடச்சிடலாம். ஒரு பொண்ணுதான் நடத்துது, பெங்களூர்லருந்து. நல்லாச் சொல்லித் தருது.

மேஜரு, மைனருன்னு ரெண்டு இருக்குது, தெரியுமா? கீபோர்டுல மூனு கட்டைய சேத்து அமுக்கினா மேஜரு. கேட்டீங்கன்னா கல்யாண வூடு. அதுலயே நடுவால இருக்கற கட்டைய மட்டும் கொஞ்சூண்டு எறக்கிட்டா மைனரு, எழவு வூடு. ஒத்த வெரலு சார், இப்பிடி நவுத்தறது, அவ்ளோதான். இத்தினி வருஷமா ரெண்டு வூட்டுக்கும் நான்தான் செட்டு போட்டேன். எனக்குத் தெரியலயே!

வூட்ல பேஜாருதான், கேக்காதீங்க. எந்நேரமும் காதுல மாட்டிக்கினு போனப் பாத்து இளிச்சிக்கினு இருந்தா சும்மா வுடுவாளா? இந்த வயசுல எவ மூஞ்சியப் பாத்துக்கினு கெடக்கறன்னு கேட்டுட்டா எங்க சித்ரா. கிரிக்கெட்டுன்னு சொல்லிட்டேன்.

கிளாசுலயே மக்கு யாருன்னா நான்தான். சிங்கப்பூர்ல ஒரு டாக்டரம்மா, துபாய்ல ஒரு பாய், அவுங்கல்லாம் ஒருவாட்டி சொன்னா புடிச்சிக்கறாங்க. எனக்கு இந்த இ-க்கும் எஃப்-க்கும் நடுவுல கருப்புக் கட்டை ஏன் இல்லன்னு வாரா வாரம் டவுட்டு வரும். அது ரெண்டும் ஒரே செவுத்துல ஒட்டின வூடு ஐயா, நடுவுல சந்து கெடையாதுன்னு எழுதும் அந்தப் பொண்ணு. சரிம்மான்னுட்டு அடுத்த வாரம் திருப்பிக் கேப்பேன். திருப்பியும் பொறுமையா எழுதும். புரியாம இல்ல சார். மொத வாரமே புரிஞ்சிடுச்சி.

இன்னிக்குத்தான் வந்து வகையா மாட்டிக்கினேன். கடைசிப் பரீச்ச. அவங்கவங்க பேரச் சொல்லிட்டு, ஸரிகமபதநிஸ ஏத்தம் எறக்கம் பாடி வாய்ஸ் அனுப்பணும், சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள. அனுப்பாதவங்கள குரூப்பவுட்டு எடுத்துடுவாங்களாம். அடுத்த கிளாசு பாஸானவங்களுக்கு மட்டுந்தான். ஓசிலயும் எவ்ளோ கறாரு பாருங்க.

பாட வருமாவா? நல்லாவே வரும். காலைல கூட குடோன்ல நின்னு பாடிப் பாத்தேன். சொன்னா நம்ப மாட்டீங்க, நி கூடத் தப்பல. அனுப்பல. திண்டிவனத்துல முத்துசாமின்னு ஒரு ஆளு, கோயில்ல பாடறவரு. அவரப் பாட வச்சி அனுப்பிடலாம்னுதான் பஸ் ஏறினேன். இப்ப இந்தக் கரும்பு லாரி நம்ம பரீச்சைல வந்து படுத்துக்கினு கெடக்குது.

ஆமா சார், ஏமாத்து வேலதான். இல்லன்னா சொன்னேன்?

ஏன்னா, என் கொரல அந்தப் பொண்ணுக்குத் தெரியும். அது எங்க அஸ்வினி சார். என் பொண்ணு.

பாட்டுதான் படிப்பேன்னு நின்னா. ஆர்க்கெஸ்ட்ராகாரங்களுக்கு எந்தப் பந்தில எல போடறாங்கன்னு நான் பாக்காததா? கடைசிப் பந்தி. ரசத்துக்குத் தண்ணி கலக்கற நேரம். என் பொண்ணு அதுல ஒக்காரணுமான்னு கேட்டேன், அவ கீபோர்ட எடுத்துக் குடுத்துட்டேன் ஒருத்தருக்கு. பெத்தவன் வேற இன்னா பண்ணுவான், சொல்லுங்க? இனிமே உன் கொரலே என் காதுல வுழக்கூடாதுன்னுட்டுப் போனா. போனவதான், ஆறு வருஷம் ஆவுது. எந்த நம்பர்லருந்து பண்ணாலும் நான் ஹலோன்னு முடிக்கறதுக்குள்ள கட் பண்ணிடுவா. அவங்கம்மாகிட்ட தெனம் பேசறா. கொல்லப்பக்கம் நின்னு சித்ரா கிசுகிசுன்னு பேசுவா, எனக்குத் தெரியாதாம்.

ஒரு கல்யாணத்துல கீபோர்டு வாசிக்கறவரு போன்ல கிளாசு பாத்துக்கினு இருந்தாரு. அஸ்வினி கொரலு கேட்டுது, ஸ்பீக்கரு பொட்டிய அப்பிடியே போட்டுட்டு அவராண்ட ஓடினேன். அன்னிக்கே சேந்துட்டேன். சக்கரபாணின்னு சீரியல் லைட்டு போடறவரு ஒருத்தரு, அவரு பேரு, அவரு சிம்மு. கேமரா ரிப்பேருன்னு எழுதிட்டேன். வெரிகுட் ஐயான்னு போடுவா எனக்கு. அப்பான்னு கூப்பிடறதவிட ஒரு எழுத்து கம்மிதான், ஆனா ஒன்னுமில்லாததுக்கு இது மேலு.

போன மாசம் கேட்டா, ஐயா, உங்க வீட்ல பாடறவங்க யாருமே இல்லையான்னு. ஒரு பொண்ணு இருக்குதும்மா, நல்லாப் பாடும்னு எழுதினேன். அப்ப அவங்ககிட்டயே கத்துக்கலாமே ஐயான்னா.

அதாம்மா பண்ணிக்கினு இருக்கேன்னு அடிச்சேன். அடிச்சிட்டு அழிச்சிட்டேன். அனுப்பியிருந்தா கிளாசும் போயிருக்கும் சார்.

அதான் கேக்கறேன், நீங்க பாடிக் குடுத்துடுங்களேன். ஒரு நிமிஷ வேல. எஞ்சின் சத்தம் வேற இல்ல, ரெக்கார்டிங் சுத்தமா வரும், நம்ம தொழிலாச்சே. இந்தாங்க, இதப் புடிங்க, வாயாண்ட ரொம்ப ஒட்ட வேணாம். மொதல்ல சக்கரபாணின்னு பேரச் சொல்லுங்க, அப்பறம் ஏத்தம், எறக்கம். முடிச்சதும் தேங்க்ஸ் மேடம்னு சொல்லிடாதீங்க, தேங்க்ஸும்மான்னு சொல்லுங்க. நான் அப்பிடித்தான் எழுதுவேன்.

கொஞ்சம் கால நவுத்துங்க, நான் கீழ எறங்கி அந்தாண்ட நின்னுக்கறேன். எனக்கு இருமல் வரும் சார். அதுகூட அவளுக்குத் தெரியும்.